இரண்டு மில்லி செகண்ட் ஆயுள்

1970களின் பிற்பகுதியில் பரவலான 4116 என்ற டைனமிக் நினைவகச் சில்லின் தரவுத்தாளில், வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறிக்கும் எண்களுக்கு நடுவே இன்னோர் எண் இருக்கும்: 2 மில்லி செகண்ட். இதில் எழுதியது எதுவும் அதற்குமேல் நிலைத்திருக்கும் என்று தயாரிப்பாளர் உறுதி தரவில்லை என்பது அதன் பொருள். அந்த உறுதியும் 70 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தை எண்ணிக் கொடுத்தது. சேமித்த மின்னூட்டம் கசியும் வேகம், வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். பழனி மலையடிவாரத்தில் இருக்கும் வத்தலக்குண்டின் சித்திரை வெயிலில் ஓடும் கணினியில் கசிவு அதிகம். அதே கணினியை மலைப்பாதையில் ஏற்றிப் பெரும்பாறையின் காப்பித் தோட்டம் ஒன்றில் வைத்தால் குறையும். இன்னும் மேலே, 2343 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் வானாய்வகத்தில் வைத்தால் மேலும் குறையும். அறை வெப்பத்தில் பெரும்பாலான கலங்கள் நொடிக்கணக்கில்கூடத் தாங்கும். இருந்தும் சுற்றை வடிவமைப்பவர் மூன்று ஊருக்கும் அந்த 2 மில்லி செகண்டையே கணக்கில் வைக்கிறார். ஒரு சில்லில் இருக்கும் 16,384 கலங்களில் எது மிகப் பலவீனமானது என்று அவருக்குத் தெரியாது. அது எந்த வெயிலில் எந்தத் தகவலைத் தாங்கி நிற்கும் என்றும் தெரியாது. தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு செய்யப்பட்ட ஏற்பாடுதான் நினைவகப் புதுப்பிப்பு. நினைவைக் காப்பது அக்கறையும் ஆர்வமும் என்றே நாம் நம்புகிறோம். இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. அக்கறையால் முடியாததை ஒரு வரிசைமுறை செய்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கலத்தின் அமைப்பிலிருந்து தொடங்கலாம். ஐபிஎம் நிறுவனத்தில் ராபர்ட் டென்னார்ட் 1966இல் கண்டு, 1968இல் காப்புரிமை பெற்ற கலத்தில் இருப்பவை இரண்டே பொருள்கள்: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். டிரான்சிஸ்டர் வெறும் கதவு. இன்டெல் 1970இல் சந்தைக்குக் கொண்டுவந்த 1103 சில்லில் கலத்துக்கு மூன்று டிரான்சிஸ்டர்கள் இருந்தன. சில ஆண்டுகளில் டென்னார்டின் ஒற்றை டிரான்சிஸ்டர் கலமே உலகத் தரமாகிவிட்டது. இந்தக் கலத்துக்கு இரண்டு குறைகள். ஒன்று, கசிவு. இன்னொன்று அதைவிட விநோதமானது: படித்தால் அழிந்துவிடும். கதவைத் திறந்ததும் உள்ளே இருக்கும் சொற்ப மின்னூட்டம் நீண்ட கம்பி ஒன்றில் பரவி நீர்த்துப்போகிறது. அந்தக் கம்பியின் முனையில் உட்கார்ந்திருக்கும் உணர்பெருக்கி மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாட்டைப் பிடித்து, அது ஒன்றா பூஜ்யமா என்று தீர்மானித்து, தீர்மானித்ததை முழு அளவில் கலத்துக்கே திருப்பி எழுதுகிறது. ஆக, படிப்பதே மறுபடி எழுதுவதாகிறது. இது ஒரு கலத்துக்கு மட்டும் நடப்பதில்லை. ஒரு வரிசையைத் திறந்தால் அந்த வரிசையின் 128 கலங்களும் ஒரே மூச்சில் படித்து எழுதப்படுகின்றன. 4116இல் 128 வரிசைகள். எல்லா வரிசைகளையும் 2 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை தொட்டுவிட்டால் போதும், சில்லு எதையும் மறக்காது. சராசரியாக 15.6 மைக்ரோ செகண்டுக்கு ஒரு வரிசை.

இத்தனை பாடு எதற்கு, மறக்காத நினைவகத்தையே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்டேட்டிக் ராம் என்ற வகையில், மின்சாரம் இருக்கும்வரை யாரும் தொடாமலே தகவல் நிற்கும். ஆனால் அதன் ஒரு கலத்துக்குப் பொதுவாக ஆறு டிரான்சிஸ்டர்கள் வேண்டும். அக்காலத்தில் பரவலாகக் கிடைத்த 2114 என்ற ஸ்டேட்டிக் சில்லைக் கொண்டு 16 கிலோபைட் அமைக்க 32 சில்லுகள் தேவை; 4116 என்றால் எட்டே போதும். அட்டையின் பரப்பு, மின்சாரச் செலவு, விலை எல்லாம் இந்தக் கணக்கில்தான் முடிவாயின. அதற்காக ஸ்டேட்டிக் நினைவகம் தோற்றது என்று சொல்லிவிட முடியாது. காற்றும் மழையும் மரத்தைச் சாய்த்து மின்கம்பியை அறுக்கும் ஒரு மலைக்கிராமத்தில், பேட்டரியை நம்பி மழையளவைப் பதிவுசெய்யும் சிறு கருவி ஒன்றை வைப்பதாக எண்ணிக்கொள்வோம். அதற்குச் சில கிலோபைட் போதும். ஸ்டேட்டிக் நினைவகமே சரி. டைனமிக் நினைவகம் வைத்தால் கருவி தூங்கவே முடியாது. ஒன்றும் பதியாத நேரத்திலும் பழையதை மறக்காமலிருக்கவே மின்சாரம் செலவாகும். இங்கே தெரிவது விலையின் இரட்டை முகம். டைனமிக் நினைவகம் வாங்கும்போது மலிவு. அந்த மலிவுக்கு ஈடாக, ஓயாத ஒரு கடமையைக் கூடவே வாங்கிக்கொள்கிறோம். முதலீடு குறைந்த அளவுக்குப் பராமரிப்பு கூடிவிட்டது. அளவு பெருகப்பெருக இந்தப் பேரத்தைத் தவிர வேறு வழியில்லை. பெரிய நினைவு எதுவும் இந்தக் கடமையோடுதான் வரும். அந்தக் கடமையை யார் தலையில் கட்டுவது என்பதே வடிவமைப்பாளரின் உண்மையான கேள்வி.

முதலில் தோன்றும் பதில், நிரல் எழுதுபவரின் தலையில் கட்டுவது. டைமர் ஒன்று 2 மில்லி செகண்டுக்குள் செயலியைக் குறுக்கிடும். செயலி கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு 128 முகவரிகளை வரிசையாகப் படித்துவிட்டுத் திரும்பும். கூடுதல் சுற்று ஏதும் வேண்டாம். காகிதத்தில் கச்சிதமாக இருக்கும். ஆனால் நிரலில் எங்கோ ஒரு பிழை வந்து குறுக்கீடுகளை நிறுத்திவிட்டால், கெடுவது அந்த நிரல் மட்டுமல்ல, நினைவகம் முழுவதும். பிழையைத் தேடிச் செல்பவருக்குத் தடயமும் மிஞ்சாது, ஏனென்றால் தடயம் இருந்த இடமும் அந்த நினைவகமே. அதைவிட அடிப்படையான கோளாறு ஒன்று உண்டு. காக்கும் நிரலே தான் காக்க வேண்டிய நினைவகத்தில் குடியிருந்தால், அது தன்னையே மறந்துவிடும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது. காவலும் காக்கப்படுவதும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்ற பாடத்தை வடிவமைப்பாளர்கள் இங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது பதில் 1976இல் ஸைலாக் நிறுவனத்தின் இசட்80 நுண்செயலியோடு வந்தது. செயலி ஒவ்வோர் ஆணையையும் எடுத்து வந்தபின், அதன் பொருளைத் தனக்குள் பிரித்தறிய இரண்டு கடிகாரத் துடிப்புகள் ஆகும். அந்த நேரத்தில் முகவரிக் கம்பிகள் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா நேரத்தில், ஆர் என்ற பதிவேட்டிலுள்ள ஏழு பிட் எண்ணை முகவரிக் கம்பிகளில் வைத்து, ‘இது புதுப்பிப்பு’ என்று தனிக் கம்பியில் அறிவித்து, எண்ணை ஒன்று கூட்டிவிடுகிறது இசட்80. நிரலுக்கு ஒரு துடிப்புகூட நட்டமில்லை. அதன் ஹால்ட் ஆணையைப் பார்த்தால் இந்த வடிவமைப்பின் நுட்பம் விளங்கும். ‘நில்’ என்ற ஆணையை ஏற்ற பிறகும் இசட்80 உண்மையில் நிற்பதில்லை. ஒன்றும் செய்யாத வெற்று ஆணையைத் திரும்பத்திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கும். ஏனென்றால் அது நின்றால் புதுப்பிப்பும் நின்றுவிடும். ஆனாலும் இங்கே கடமை செயலியின் உயிரோடு கட்டப்பட்டிருக்கிறது. ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தாலோ, செயலியும் நினைவகமும் பகிர்ந்துகொள்ளும் கம்பித்தொகுதியான பஸ்ஸை வேறொரு கருவி நெடுநேரம் தன்வசம் வைத்திருந்தாலோ, பிழைதேடுவதற்காகச் செயலியை ஒவ்வோர் அடியாகக் காத்திருக்கச் செய்தாலோ ஆர் என்ற அந்த எண்ணி நின்றுவிடும். ஆராய நினைத்த நினைவகம் ஆராயும்போதே கரைந்துபோகும். ஏழு பிட் என்பதும் நாளடைவில் இடித்தது. அடுத்து வந்த 64 கிலோபிட் சில்லுகளில் சில தயாரிப்பாளர்களுடையவை 128 வரிசைகளோடு நின்றன. வேறு சிலருடையவை 256 வரிசை கேட்டன. பின்னவற்றில் பாதியைத்தான் இசட்80இன் எண்ணியால் தொட முடியும்.

மூன்றாவது பதில் வேறொரு வேலையின் உபபலனாகப் புதுப்பிப்பைப் பெறுவது. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் ஸ்டீவ் வாஸ்னியாக் இதைத்தான் செய்தார். திரையில் படம் நிற்க வேண்டுமானால் திரைக்குரிய நினைவகத்தை இடைவிடாமல் படித்தே ஆக வேண்டும். அந்தப் படிப்பு எல்லா வரிசைகளையும் தொட்டுப்போகும்படி முகவரிகளை அமைத்துவிட்டால் தனியாகப் புதுப்பிக்க வேண்டியதில்லை. பிபிசி மைக்ரோ கணினியும் இதே குடும்பம்தான். அதன் நினைவகம் செயலியின் தேவையைவிட இருமடங்கு வேகத்தில் ஓடும். ஒரு முறை செயலிக்கு, ஒரு முறை திரைக்கு என்று பங்கிட்டுக்கொள்ளும். 1984-85இல் நடுவண் அரசின் ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தின்கீழ் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது இந்தக் கணினிதான். அந்தத் தலைமுறையில் பள்ளியிலேயே கணினியைத் தொட்ட மாணவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், அத்திரைக்காக ஓடிய படிப்பே அவர்கள் எழுதிய நிரலையும் காத்துக்கொண்டிருந்தது. சிக்கனத்தில் இதை மிஞ்சும் உத்தி இல்லை. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. வேலை ஒன்று, கடமை இன்னொன்று. வேலை மாறினால் கடமை என்ன ஆகும்? திரையைக் கட்டுப்படுத்தும் சில்லின் பதிவேடுகளை ஒரு நிரல் தாறுமாறாக மாற்றிவிட்டால், வரிசைச் சுற்று முழுமையாக நடக்கும் என்ற உறுதியும் போய்விடும். உபபலனாகக் கிடைப்பது உபபலனாகவே நின்றும்போகும்.

நான்காவது பதிலே வன்பொருள் புதுப்பிப்பு என்று முறையாகச் சொல்லத்தக்கது. தனக்கென்று ஒரு கடிகாரம், ஓர் எண்ணி, செயலியின் முகவரிக்கும் எண்ணியின் முகவரிக்கும் இடையே தேர்ந்தெடுக்கும் ஒரு பல்தெரிவி, யாருக்கு முதலிடம் என்று தீர்ப்புச் சொல்லும் ஒரு நடுவர் சுற்று. பார்க்க எளிது, செய்யும்போதுதான் முள் குத்தும். செயலியின் கடிகாரமும் புதுப்பிப்பின் கடிகாரமும் தனித்தனியாக ஓடினால், இரண்டு கோரிக்கைகளும் என்றாவது ஒரே கணத்தில் வந்து சேரும். அப்போது நடுவர் இங்குமில்லாமல் அங்குமில்லாமல் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் தீரும்வரை பொறுத்துத் தீர்ப்பைப் பயன்படுத்த வேண்டும். அல்லது இரண்டையும் ஒரே கடிகாரத்தில் கோத்து, செயலி நினைவகத்தைத் தொடாத இடைவெளியில் புதுப்பிப்பை நுழைக்க வேண்டும். எப்போது புதுப்பிப்பது என்பது அடுத்த சிக்கல். 128 வரிசைகளையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டால் சுமார் 50 மைக்ரோ செகண்ட் ஆகும்; 2 மில்லி செகண்டில் இது நாற்பதில் ஒரு பங்குதான். ஆனால் அக்காலத்து ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி ஒன்று 32 மைக்ரோ செகண்டுக்கு ஒரு பைட்டைக் கொட்டிக்கொண்டிருக்கும். அதைக் கைநீட்டி வாங்க வேண்டிய செயலி 50 மைக்ரோ செகண்ட் கட்டுண்டு நின்றால் ஒரு பைட் தரையில் விழும். ஆகவே வரிசைக்கு வரிசை இடைவெளிவிட்டுப் பரவலாகச் செய்வதே வழக்கமாயிற்று. மொத்தச் சுமை ஒன்றுதான். மொத்தமாக ஏற்றினால் ஒடிகிறது, பிரித்துப்போட்டால் தெரிவதில்லை.

1981இல் வந்த ஐபிஎம் பிசி இந்த நான்காவது பதிலின் பிரபலமான வடிவம். டைமர் சில்லின் ஒரு பிரிவு ஏறத்தாழ 15 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை மணியடிக்கும். செயலியின் உதவியின்றி நினைவகத்தைத் தொடும் டிஎம்ஏ சில்லின் முதல் வழித்தடம் பஸ்ஸை வாங்கி ஒரு வரிசையை வெறுமனே படித்துவிட்டுத் திருப்பித் தரும். செயலியின் நேரத்தில் ஐந்தாறு விழுக்காடு இதற்கே போனது. மனித சுபாவம் வேலை செய்த இடமும் இதுவே. அந்த டைமரின் எண்ணைத் தொடக்கத்தில் எழுதிவைப்பது ஒரு நிரல். ஆகவே இன்னொரு நிரலால் அதை மாற்றவும் முடியும். புதுப்பிப்பை அடிக்கடி செய்யாமல் தள்ளிப்போட்டால் கணினி கொஞ்சம் வேகமெடுக்கும் என்று கண்டவர்கள் அப்படியே செய்தார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் பெரும்பாலான கலங்கள் உறுதியளித்ததைவிட நெடுநேரம் தாங்குபவை. என்றாவது கோடைப் பிற்பகலில் எங்கோ ஒரு பிட் மாறியிருந்தால், அது யாருடைய கணக்கில் வந்து சேரும்? தள்ளிப்போட்ட பராமரிப்பின் லாபம் அன்றைக்கே கைக்கு வருகிறது. நட்டம் எப்போதோ, வேறு யாருக்கோ, காரணம் தெரியாத பிழையாக வருகிறது. பொதுப்பணிகளில் பராமரிப்பு நிதிதான் முதலில் வெட்டப்படுகிறது என்பதன் இயந்திர வடிவம் இது.

நான்கு பதில்களையும் அருகருகே வைத்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. வெற்றிபெற்ற எல்லா ஏற்பாடுகளிலும் எண்ணி குருடு. அது 0, 1, 2 என்று 127 வரை போய் மறுபடி 0க்கு வரும். எந்த வரிசையில் முக்கியமான கணக்கு இருக்கிறது, எதில் யாருக்கும் வேண்டாத குப்பை இருக்கிறது என்று அது கேட்பதில்லை. கண்மாய்ப் பாசனத்தில் வயல்களுக்கு முறைவைத்து நீர்விடும் நீர்க்கட்டி செய்வதும் இதைத்தான். பல ஊர்களில் நிலமில்லாதவரையே அந்த வேலைக்கு வைத்திருந்ததில் ஒரு காரணம் இருக்கிறது: தன் வயல் என்று ஒன்று இருந்தால் மடை அங்கே கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும். எண்ணிக்குத் தன் வயல் இல்லை. இதை இயந்திரத்தின் அறிவின்மை என்று நினைக்கத் தோன்றும். நான் இதையே இந்த வடிவமைப்பின் அறிவு என்பேன். பயன்பாட்டை நம்பி விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். படித்தாலே புதுப்பிக்கப்படும் என்பதால், அடிக்கடி படிக்கப்படும் வரிசைகள் தாமாகவே பிழைத்துக்கொள்ளும். ஆண்டுக்கொருமுறை மட்டும் தேவைப்படும் வரிசை, தேவைப்படும் அந்த நாளில் வெறுமையாக இருக்கும். அக்கறை எப்போதும் தான் பார்க்கும் இடத்தைக் காக்கிறது. ஆபத்து எப்போதும் அது பார்க்காத இடத்தில் இருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று பொறியியல் உலகத்துக்குள்ளேயே எழுந்தது. எல்லா வரிசைகளையும் ஒன்றுபோல நடத்துவது வீண் அல்லவா? பிற்கால டிடிஆர்4 நினைவகம் 64 மில்லி செகண்டில் 8192 புதுப்பிப்பு ஆணைகளைக் கேட்கிறது, அதாவது 7.8 மைக்ரோ செகண்டுக்கு ஒன்று. 85 டிகிரிக்குமேல் போனால் இருமடங்கு. சில்லின் கொள்ளளவு கூடக்கூட இதில் செலவாகும் நேரமும் மின்சாரமும் கூடுகின்றன. 2012இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பலவீனமான வரிசைகள் மிகச் சிலவே என்பதைச் சுட்டி, வரிசைகளைத் தாங்கும் திறனுக்கேற்ப வகைபிரித்தால் புதுப்பிப்பில் முக்கால் பங்கை மிச்சப்படுத்தலாம் என்று காட்டினார்கள். வாதம் சரியானதுதான். ஆனால் அதன் அடித்தளம் எது பலவீனம் என்று முன்கூட்டியே அறிந்துவிட முடியும் என்பது. சில கலங்கள் தாங்கும் நேரத்தையே எதிர்பாராமல் மாற்றிக்கொள்கின்றன. நேற்று வலுவாக இருந்தது இன்று பலவீனமாகிறது. 1980களிலேயே கவனிக்கப்பட்ட நிகழ்வு இது. அளந்து பட்டியலிட்ட நாளுக்கும் பயன்படுத்தும் நாளுக்கும் இடையே உண்மை நகர்ந்துவிடுகிறது. வகைபிரித்தல் செலவைக் குறைக்கும். குருட்டுச் சுற்றை அது முழுவதும் நீக்கிவிட முடியாது. அவர்களுடைய திட்டமும் எந்த வரிசையையும் சுற்றிலிருந்து விலக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிலவற்றுக்கு முறை அடிக்கடி வருகிறது, சிலவற்றுக்குத் தாமதமாக வருகிறது. முறையே வராத வரிசை என்று ஒன்றில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்து வந்த எச்சரிக்கை இதைவிடத் தீவிரமானது. 2014இல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக்குழு, ஒரே வரிசையை மிக வேகமாகத் திரும்பத்திரும்பத் திறந்து மூடினால் அதன் பக்கத்து வரிசைகளில் பிட்டுகள் புரண்டுவிடுகின்றன என்று காட்டியது. சோதித்த 129 நினைவகப் பலகைகளில் 110இல் இது நடந்தது. கலங்கள் நெருக்கி அடுக்கப்பட்டுவிட்டதால், ஒன்றின் அசைவு பக்கத்திலிருப்பதன் மின்னூட்டத்தை உறிஞ்சுகிறது. ஒரு வரிசையின்மேல் அளவுகடந்து குவியும் கவனம் அந்த வரிசையைக் காக்கிறது; பக்கத்து வரிசையை அழிக்கிறது. கவனம் காக்கத் தவறும் என்று முன்பு சொன்னோம். அது கெடுக்கவும் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. இதற்குச் சொல்லப்பட்ட தீர்வுகளில் ஒன்று, அதிகம் தட்டப்படும் வரிசையின் பக்கத்து வரிசைகளுக்கு முறை முடியுமுன்பே ஒரு கூடுதல் புதுப்பிப்பைக் கொடுப்பது.

இந்த வாதம் சில்லுக்குள்ளே மட்டும் செல்லுபடியாகிறதா என்று பார்க்க, பழனி மலையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற எண்ணம் ஆட்சியாளரிடையே வலுத்தது. 1899இல் கொடைக்கானலில் சூரிய வானாய்வகம் எழுந்ததற்கு அந்த எண்ணமும் ஒரு காரணம். 1904 முதல் வெண்ணொளியில் சூரியனின் படத்தை, வானம் இடம்கொடுத்த ஒவ்வொரு நாளும் கண்ணாடித் தகட்டில் எடுத்தார்கள். கால்சியம் கதிரிலும் ஹைட்ரஜன் கதிரிலும் எடுக்கும் படங்கள் பின்னர் சேர்ந்துகொண்டன. 1909இல் ஜான் எவர்ஷெட் கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது இங்கேதான். ஆனால் அவர் கண்டது போன்ற நாட்கள் சில. எதுவும் கண்டுபிடிக்கப்படாத நாட்கள் பல்லாயிரம். அந்தப் பல்லாயிரம் தகடுகளே இன்று சூரிய ஆய்வாளர்களுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட தொடர்வரிசையாகப் பயன்படுகின்றன. மழையை முன்னறிவது என்ற தொடக்க நோக்கம் எதிர்பார்த்தபடி கைகூடவில்லை. சூரியச் சுழற்சிகளின் நீண்டகால வரலாற்றை அறிவது என்ற வேறொரு நோக்கத்துக்கு அவை கைகொடுத்தன. எது முக்கியம் என்று 1910இல் யாராவது தேர்ந்தெடுத்து மற்றவற்றைக் கைவிட்டிருந்தால் அந்தத் தேர்வு தவறாகவே இருந்திருக்கும். படம் எடுத்தவர்கள் எண்ணியைப் போல நடந்துகொண்டார்கள்: இன்று என்ன விசேஷம் என்று கேட்காமல், இன்றைய முறை என்று எடுத்தார்கள்.

எடுத்ததோடு கடமை முடியவில்லை என்பதுதான் இன்னும் பொருத்தமானது. கண்ணாடித் தகட்டின் ஜெலட்டின் பூச்சு ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். கையாளக் கையாளக் கீறல் விழும். கொடைக்கானல் ஈரமான ஊர். ஆகவே தகடுகளை மின்னணுப் படங்களாக மாற்றும் வேலை தொடங்கியது. முதல் சுற்றில் குறைந்த நுணுக்கத்தில் மாற்றினார்கள். பின்னர் 4096க்கு 4096 புள்ளி உணர்வானைக் கொண்டு மறுபடியும் முதலிலிருந்து செய்தார்கள். ஒருமுறை செய்ததை இரண்டாம் முறையும் செய்தது வீண்செலவாகத் தோன்றலாம். தகட்டில் இருப்பதை அது மங்குவதற்குள் படித்து, முழு வலிமையோடு மீண்டும் எழுதுவது என்று பார்த்தால், உணர்பெருக்கி செய்வதும் இதுவே. இரண்டாம் சுற்றும் கடைசிச் சுற்றல்ல. அந்தக் கோப்புகள் கிடக்கும் வட்டுகள் பழுதாகும், கோப்பு வடிவங்கள் வழக்கொழியும், அப்போது மூன்றாம் சுற்று வரும். தகட்டின் புதுப்பிப்புக் காலம் சில பத்தாண்டுகள், சில்லுடையது சில மில்லி செகண்டுகள். இரண்டுக்கும் வேறுபாடு அளவில் மட்டுமே. கூடவே ஓர் எல்லையையும் குறித்துக்கொள்ள வேண்டும். மேகமூட்டத்தில் படமே எடுக்க முடியாத நாட்களை எந்தச் சுற்றும் மீட்டுத்தராது. புதுப்பிப்பு எழுதியதைக் காக்கும், எழுதாததை உண்டாக்காது. தவறாக எழுதியதைத் திருத்தவும் செய்யாது.

கல் இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். பெரும்பாறைக்கு மேலே தாண்டிக்குடிப் பக்கத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. செண்பகனூரிலிருந்த சேசு சபைத் துறவி அங்லேடும் நியூட்டனும் பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றி எழுதிய நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளாக யாரும் புதுப்பிக்காமலே அவை நிற்கின்றனவே, ஸ்டேட்டிக் நினைவுக்கு இதைவிட நல்ல சான்று உண்டா? நிற்பது கல்தான். யாருக்காக எழுப்பினார்கள், என்ன சடங்கு செய்தார்கள், இறந்தவரைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பதெல்லாம் வாயிலும் பழக்கத்திலும் இருந்தவை. அந்தச் சுற்று எங்கோ அறுந்துவிட்டது. அறுந்த இடத்தில் வேறு கதைகள் வந்து உட்கார்ந்தன: தமிழ்நாட்டின் பல ஊர்களில் கல்திட்டைக்குப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் பெயர். வெறுமையான கலத்தைப் படிக்கும் உணர்பெருக்கியும் சும்மா இருப்பதில்லை. ஒன்று அல்லது பூஜ்யம் என்று எதையாவது தீர்மானித்து அழுத்தமாக எழுதிவிடும். மறந்த இடம் வெற்றிடமாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

மிச்சமிருப்பது மிக அழுத்தமான ஆட்சேபம். எல்லாவற்றையும் ஏன் காக்க வேண்டும்? மறதியும் ஒரு நன்மைதானே. மனிதர்க்கும் சமூகத்துக்கும் சிலவற்றை விட்டுவிடும் உரிமை உண்டல்லவா? உண்டு. ஆனால் வேண்டாம் என்று அழிப்பதும் கவனிக்காமல் அழியவிடுவதும் ஒன்றல்ல. புதுப்பிக்கும் சுற்றுக்கு அழிக்கும் அதிகாரம் கிடையாது. அழிக்க வேண்டுமென்றால் செயலி அந்த இடத்தில் பூஜ்யத்தை எழுத வேண்டும். அது ஒரு முடிவு. அதற்கு ஒரு பொறுப்பாளி உண்டு. புறக்கணிப்பால் வரும் மறதிக்குப் பொறுப்பாளி இல்லை. அது சுத்தமாகவும் நடப்பதில்லை. 2008இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் மின்சாரத்தை நிறுத்திய பின்பும் டைனமிக் நினைவகத்தில் தகவல் நொடிக்கணக்கில் நிற்பதையும், சில்லை உறைகுளிருக்குக் கொண்டுபோனால் நிமிடக்கணக்கில் நிற்பதையும், அதைக் கொண்டு மறையாக்கச் சாவிகளைக்கூட எடுத்துவிடலாம் என்பதையும் காட்டினார்கள். ரகசியம் என்று நினைத்தது மிஞ்சுகிறது; வேண்டும் என்று நினைத்தது போகிறது. எது தங்கும் எது போகும் என்பதைக் கசிவின் போக்குக்கு விட்டுவிட்டால் நடப்பது இதுதான். மறக்க விரும்புகிறவருக்கும் ஒழுங்கான நினைவகம் தேவை.

ஆகவே ஆவணக்காப்பகமோ, நூலகமோ, மலைவாழ் மக்களின் வழக்காறுகளின் பதிவோ, எதைக் கட்டும்போதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, புதுப்பிப்பு யாருடைய வேலை என்பது. நம்மிடம் திறப்புவிழாவுக்கு நிதி கிடைக்கிறது. நூறு பேர் ஆர்வத்தோடு வருகிறார்கள். ஆர்வமுள்ள ஒருவர் இருக்கும்வரை அந்தக் காப்பகம் இசட்80 போல ஓடும். அவர் ஓய்வுபெற்றால் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்த கதைதான். வேறொரு பணியின் உபபலனாக ஓடுவது அந்தப் பணி மாறும்போது நின்றுவிடும். பராமரிப்பு நிதியைத் தள்ளிப்போடுவது டைமரின் எண்ணை மாற்றுவதற்கு ஒப்பு. பலகாலம் எதுவும் தெரியாது, அதுவே அதன் ஆபத்து. நிலைப்பது தனக்கென்று கடிகாரமும், தனக்கென்று எண்ணியும், மற்ற வேலைகளைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும் உரிமையும் உள்ள ஏற்பாடு. நடுவர் சுற்றின் விதியில் ஒரு தெளிவு இருக்கிறது: செயலி காத்திருக்கலாம், புதுப்பிப்பு தன் கெடுவைத் தாண்டிக் காத்திருக்க முடியாது. அந்த விதியை வரைபடத்தில் முதல் நாளே எழுதாத கணினி ஓடவே ஓடாது. அதனால்தான் பொறியாளர் அதை மறப்பதில்லை. நம் காப்பகங்கள் அந்த விதி இல்லாமலே பல ஆண்டுகள் ஓடுவதுபோலத் தோற்றம் காட்டும். அவற்றை நடத்துகிறவர்களுக்குச் சில்லு கொடுக்கும் உடனடித் தண்டனை கிடைப்பதில்லை என்பதாலேயே, விதியை இன்னும் கண்டிப்பாக எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.